நாட்டு அணியின் பதற்றமான கால்பந்து மேட்சுக்கு முதல் தடவை போகிறீர்களா? வெளியே வரும் வழியிலிருந்து தொடங்குங்கள்

இந்தியா மேட்சுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், முதல் தடவை போகிறேன், என்னென்ன செய்ய வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். மேட்ச் முடிந்ததும் எந்த கேட் வழியாக வெளியே வந்து, எதில் ஏறி வீட்டுக்குப் போவீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. உள்ளே போவதற்கு எல்லாரும் திட்டம் போடுகிறோம், ஜெர்சி, கொடி, முகத்தில் பூச கலர் என்று ஒரு வாரம் அலைகிறோம். ஆனால் உள்ளே போகும்போது ஜனம் இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, வெளியே போகும்போது அத்தனை பேரும் பத்து நிமிடத்தில் எழுந்து ஒரே படிக்கட்டுக்கு வருகிறார்கள். அதுவும் எதிரில் பாகிஸ்தானோ பங்களாதேஷோ இருந்து, முடிவு கடைசி நிமிடத்தில் மாறியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் வேறு மாதிரி இருக்கும்.

1964 மே 24 அன்று பெருவின் லிமா நகரில் பெருவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆட்டம். பெரு ஒரு கோல் பின்தங்கியிருந்தது, கடைசி நிமிடங்களில் போட்ட கோலை ரெஃப்ரி செல்லாது என்றார். சிலர் மைதானத்துக்குள் இறங்க, போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை குண்டு வீச, ஜனம் படிக்கட்டில் இறங்கி ஓடியது. கீழே போய்ப் பார்த்தால் இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பெரும்பாலானவர்கள் அந்தப் படிக்கட்டில் நசுங்கி மூச்சுத் திணறி இறந்தவர்கள். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது, 1980 ஆகஸ்ட் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டம், 16 பேர். இதைப் படித்துவிட்டு யாரும் போகாமல் இருந்துவிட வேண்டாம். கேலரியில் நின்று நாட்டு அணியைப் பார்ப்பது மாதிரி ஒரு அனுபவம் கிடையாது. தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிக்கெட்டும் இடமும்

அதிகாரபூர்வமாக விற்கும் ஆப்பிலோ கவுன்டரிலோ மட்டும் வாங்குங்கள். பிளாக்கில் வாங்கும் டிக்கெட்டில் உள்ள பெரிய சிக்கல் காசு இல்லை. ஒரே க்யூஆர் கோடை நாலு பேருக்கு விற்றிருப்பார்கள், முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே போவார், மற்ற மூன்று பேரும் கேட்டில் சண்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள், பின்னால் வரிசை நெருக்கும். டிக்கெட் வந்ததும் கேட் நம்பர், ஸ்டாண்ட், வரிசை, சீட் நான்கையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி சட்டைப் பையில் வையுங்கள். ஸ்டேடியம் பக்கம் போனதும் நெட்வொர்க் படுத்துவிடும், அப்போது ஆப் திறக்காது. க்யூஆர் கோடை முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாமா என்பதையும் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், சிலவற்றில் கோடு மாறிக்கொண்டே இருக்கும்.

எந்த இடம்? நம் சென்னை நேரு ஸ்டேடியத்திலும், பெங்களூரு கண்டீரவாவிலும் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. அதனால் கேலரிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே நல்ல தூரம். கீழ் வரிசையில் உட்கார்ந்தால் வீரர்களை நெருக்கத்தில் பார்க்கலாம் என்று நினைப்போம், உண்மையில் எதிர்ப்பக்கக் கோல் எங்கே என்றே தெரியாது, முன்னால் போலீஸும் கேமராக்காரர்களும் வேறு நிற்பார்கள். மேல் வரிசை எடுங்கள். கோலுக்குப் பின்னால் உள்ள ஸ்டாண்ட் வேண்டாம், பக்கவாட்டு ஸ்டாண்ட் எடுங்கள், முடிந்தால் நடைபாதையை ஒட்டிய சீட். கோலுக்குப் பின்னால்தான் பெரும்பாலும் ரசிகர் குழுக்கள் இருக்கும். இந்திய அணிக்கு 2017 முதல் ப்ளூ பில்கிரிம்ஸ் என்ற குழு ஊர் ஊராகப் போகிறது, சென்னையின் எஃப்சி கிளப்புக்கு பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் இருக்கிறார்கள். டிரம், பாட்டு, கைதட்டல் என்று ஆட்டம் முழுக்க நின்றபடியே ஆதரிப்பவர்கள். அவர்களோடு நிற்பது அருமையான விஷயம், ஆனால் அது இரண்டாவது மேட்சுக்கு. குழந்தையோடு போகிறவர்களும் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களும் அந்தப் பக்கம் எடுத்துவிட்டு உட்காரச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம்.

உள்ளே கொண்டுபோகக் கூடாதவை

இதில்தான் பலருக்கும் வாசலில் நேரம் போகிறது. பொதுவாகத் தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், சிகரெட் லைட்டர், தீப்பெட்டி, குடை, பெரிய பை, செல்ஃபி ஸ்டிக், கொடிக்கம்பு எதையும் விட மாட்டார்கள். பல இடங்களில் சில்லறைக் காசைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள், கோபத்தில் மைதானத்துக்குள் வீசுவார்கள் என்பதால். காரில் வராதவர்களுக்கு இதை வைக்க இடம் கிடையாது. நம்மூரில் பெரிய பிரச்சினை ஹெல்மெட். பைக்கில் வந்து, ஹெல்மெட்டோடு கேட் வரை வந்து, விட மாட்டேன் என்றதும் பக்கத்து டீக்கடையில் கெஞ்சுகிறவர்களை ஒவ்வொரு மேட்சுக்கும் பார்க்கிறேன். பைக்கை வீட்டுப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷனிலேயே ஹெல்மெட்டோடு பூட்டிவிட்டு வாருங்கள். பர்ஸ், போன், வீட்டுச் சாவி, ஒரு மெல்லிய மழைக்கோட்டு, கைக்குட்டை, இவ்வளவு போதும். கட்டாயமாக ஷூ போடுங்கள், செருப்பு வேண்டவே வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தேசியக் கொடி பற்றி ஒரு வார்த்தை. கொடியில் ஊர் பெயரும் வீரர் பெயரும் எழுதிக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது, அது சட்டப்படி தவறு. கொடியில் எதுவும் எழுதக் கூடாது, தரையில் படக் கூடாது, இடுப்புக்குக் கீழே சுற்றக் கூடாது, காவி மேலே இருக்க வேண்டும். பெயர் எழுத வேண்டுமென்றால் தனியாக வெள்ளைத் துணியில் பேனர் எழுதுங்கள். பேனருக்கு முன்கூட்டி அனுமதி கேட்பார்கள், அதையும் விசாரித்துவிடுங்கள். மழை வந்தால் கொடியை உட்காரும் இடத்தில் விரித்துவிடாமல் மடித்துச் சட்டைக்குள் வையுங்கள்.

போகிற வழி

நேரு ஸ்டேடியம் பெரியமேட்டில், ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம். 1993 நேரு கோப்பைக்காகக் கட்டிய மைதானம். சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சென்ட்ரல் மெட்ரோவில் நீலம், பச்சை இரண்டு லைனும் வருகிறது, எதிரே புறநகர் ரயிலுக்குப் பார்க் ஸ்டேஷன், பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன், ஆக எந்தத் திசையிலிருந்தும் வந்துவிட முடியும். காரில் வராதீர்கள், மேட்ச் நாளில் அந்தச் சாலைகள் நகராது. இதுவரை ஜெர்சி வாங்காதவர்களுக்கு ஸ்டேடியத்தைச் சுற்றியே விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் மேட்ச் அன்று போய் வாங்கினால் சைஸ் கிடைக்காது, முதல் நாளே போய்விடுங்கள். நீல ஜெர்சி எதிரணி ஜெர்சியோடு குழம்பாதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே கேட்டுக்கு வந்துவிட வேண்டும். சாதாரண லீக் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் போதும், பதற்றமான ஆட்டத்துக்குச் சோதனை இரண்டு மூன்று கட்டமாக நடக்கும். கிளம்பும் முன் நன்றாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிடுங்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். வெயில், தாகம், திரும்பும்போது நெரிசல், அவ்வளவு போதுமாக இருந்தது. அங்கே எதிரணி என்று ஒன்றும் இல்லை.

உட்காரும் முன் ஐந்து நிமிடம்

சீட்டைக் கண்டுபிடித்ததும் உட்காராமல், இரண்டு பக்கமும் இருக்கும் படிக்கட்டுகளை நடந்து பாருங்கள். எத்தனை படி, கீழே கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அது திறந்திருக்கிறதா, வெளியே போனால் எந்தச் சாலை. நாம் ஏறி வந்த படிக்கட்டையேதான் எல்லாரும் இறங்கவும் தேடுவார்கள், இரண்டாவது வழி பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். கழிவறையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கூட வந்தவர்களோடு பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள், போன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு. கேட் பக்கத்தில் வேண்டாம், கூட்டம் கலைந்த தூரத்தில், ரிப்பன் மாளிகை வாசல் மாதிரி யாரைக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஓர் இடம். குழந்தையின் கையில் உங்கள் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

அப்புறம் தேசிய கீதம். இரண்டு நாட்டு கீதமும் ஒலிக்கும். எதிரணியின் கீதத்துக்கும் எழுந்து அமைதியாக நில்லுங்கள். கூச்சல் போடுகிறவர்கள் இருப்பார்கள், பக்கத்தில் நாலு பேர் அமைதியாக நின்றால் அந்த வரிசை முழுக்க அடங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊருக்கு இது புதிதில்லை. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், சச்சின் 136 ரன் அடித்தும் பாகிஸ்தான் 12 ரன்னில் டெஸ்ட்டை ஜெயித்தது. கிரிக்கெட்தான், ஆனால் அன்றைக்கு மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று கைதட்டியது, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டார்கள். சென்னைக் கூட்டம் என்றால் உலகம் இன்றும் அதைத்தான் சொல்கிறது, அந்தப் பெயரை நாம் காப்பாற்ற வேண்டும்.

ஆட்டத்தின்போது

45 நிமிடம், 15 நிமிட இடைவேளை, மறுபடி 45, அதன் மேல் ரெஃப்ரி சேர்க்கும் நிமிடங்கள். டிவியில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் உறைக்காது, இங்கே திரும்பத் திரும்பக் காட்ட மாட்டார்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தால் கோல் போய்விடும். பந்தை மட்டும் பார்க்காதீர்கள், பந்து இல்லாத வீரர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று பாருங்கள், டிவியில் தெரியாதது அதுதான். கழிவறைக்கு இடைவேளை விசில் வரை காத்திருந்தால் வரிசையிலேயே இரண்டாம் பாதி தொடங்கிவிடும், 40-வது நிமிடம் வாக்கில் போய்விடுங்கள்.

நானே அப்படிப் போயிருக்க வேண்டிய ஓர் ஆட்டம். 2023 ஜூன் 21, பெங்களூரு கண்டீரவா, தெற்காசியக் கோப்பையில் இந்தியா - பாகிஸ்தான். காலை பிருந்தாவன் ரயிலில் மச்சானோடு போயிருந்தேன். 10-வது நிமிடத்தில் பாகிஸ்தான் கோல் கீப்பர் தடுமாற சுனில் சேத்ரி முதல் கோல், அடுத்த ஆறு நிமிடத்தில் பெனால்ட்டியில் இரண்டாவது. இடைவேளைக்கு முன்னால் எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது எல்லைக்கோட்டுப் பக்கம் பாகிஸ்தான் வீரர் த்ரோ-இன் எடுக்க, அதாவது வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறியப் போனார், அப்போதைய நம் பயிற்சியாளர் ஸ்டிமாச் பின்னாலிருந்து அவர் கையில் இருந்த பந்தைத் தட்டிவிட்டார். அடுத்த நொடி இரண்டு பக்க வீரர்களும் ஓடி வந்து தள்ளுமுள்ளு. ரெஃப்ரி பயிற்சியாளருக்கே சிவப்பு அட்டை காட்டினார்.

நான் சொல்ல வருவது மைதானத்தைப் பற்றி அல்ல, எங்கள் வரிசையைப் பற்றி. அது வரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே சமயத்தில் எழுந்து கம்பியை நோக்கி இறங்க ஆரம்பித்தார்கள், என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். மழை ஈரத்தில் படி வழுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து ஆறு வயதுப் பையனைத் தோளில் வைத்திருந்தார், பின்னால் இருந்து இடித்ததில் அவர் தடுமாற, மச்சான் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை, சும்மா பார்க்கப் போன கூட்டம். அதனால் சொல்கிறேன், மைதானத்தில் சண்டை வந்தால் நீங்கள் இருக்கும் இடத்திலேயே நில்லுங்கள், ஒரு படிகூட இறங்காதீர்கள். மேல் வரிசையில் இருந்தால் எல்லாம் அங்கிருந்தே தெரியும். அன்று சேத்ரி ஹாட்ரிக் அடித்து 4-0 என்று முடிந்தது, கூட்டம் பாடிக்கொண்டே கலைந்தது.

எதிரணி ரசிகர்கள் பக்கத்தில் இருந்தால் பேசுங்கள், எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று. ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வம்பு செய்யலாம், மதம், போர், அரசியல் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். பக்கத்தில் யாராவது அப்படி ஆரம்பித்தால் வாதம் செய்யாதீர்கள், ஊழியரிடம் சொல்லிவிட்டு இடம் மாறி உட்காருங்கள். பாட்டிலோ காகிதமோ எதுவும் மைதானத்துக்குள் போகக் கூடாது, ஒருவர் எறிவதற்கு நம் அணிக்கு அபராதம் விழும்.

கடைசிப் பத்து நிமிடம்

கூட்டத்துக்குப் பயந்து 85-வது நிமிடத்தில் கிளம்பாதீர்கள். 2019 அக்டோபர் 15, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம், நமக்கு எதிராகப் பங்களாதேஷ் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது, அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம், 88-வது நிமிடத்தில் நம் அடில் கான் தலையால் முட்டிச் சமன் செய்தார். முன்னாலேயே கிளம்பியிருந்தால் சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள். சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் படிக்கட்டில் மோதிக்கொள்வது ஆபத்து.

தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் ஆட்டம் என்றால் எக்ஸ்ட்ரா டைம் 30 நிமிடம், பெனால்ட்டி என்று நீளும். 2023-ல் அதே தெற்காசியக் கோப்பையில் லெபனானோடு அரையிறுதி, குவைத்தோடு இறுதி, இரண்டுமே பெனால்ட்டி வரை போயின. ஆட்டம் இரவு ஏழரைக்கு என்றால் பத்தரை தாண்டிவிடும். பெங்களூரு மாதிரி வெளியூர் போகிறவர்கள் அன்றிரவு ரயிலை நம்ப வேண்டாம், அறை எடுத்துத் தங்கி மறுநாள் காலை திரும்புங்கள். நம்மூரில் கடைசி மெட்ரோ இரவு 11 மணி வாக்கில். திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள், கவுன்டரில் நிற்கும் நேரம் மிச்சம்.

விசில் ஊதியதும் உட்கார்ந்துவிடுங்கள். ஆமாம், உட்காருங்கள். இரண்டு அணியும் கை கொடுப்பதைப் பாருங்கள், நம் வீரர்கள் கேலரிக்கு வந்து கைதட்டுவார்கள், அதற்குப் பதில் கைதட்டுங்கள். இருபது நிமிடம் கழித்துப் படிக்கட்டு தானாகக் காலியாகும்.

சில வருடம் முன்பு வேறு ஓர் ஊரில் நான் இதைச் செய்யவில்லை. நம் அணி தோற்ற ஆட்டம், எரிச்சலில் உடனே எழுந்து கூட்டத்தோடு இறங்கினேன், செருப்புப் போட்டிருந்தேன். பாதிப் படியில் கூட்டம் நின்றுவிட்டது, கீழே இரண்டு கதவில் ஒன்றைத்தான் திறந்திருந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே வந்தார்கள். கை பக்கவாட்டில் மாட்டிக்கொண்டது, மேலே எடுக்க முடியவில்லை, மூச்சை இழுத்தால் விலா எலும்பு விரிய இடம் இல்லை. இடது செருப்பு கழன்று போனது, குனிந்து எடுக்கப் பார்த்தேன், பின்னால் இருந்த ஒரு பெரியவர் என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்து, "விடு தம்பி, செருப்பு போனா போகுது" என்றார். வெறுங்காலோடு லாட்ஜுக்கு நடந்தேன். அவர் பிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் இதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவாருங்கள், கூட்டம் இறுகும் முன்பே, குத்துச்சண்டைக்காரர் நிற்பது போல. அந்த இடைவெளிதான் மூச்சு. கீழே விழுந்த எதையும் எடுக்கக் குனியாதீர்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள், அலை தளரும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள், ஆனால் சுவரில் அழுந்தி நிற்காதீர்கள். கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம். பக்கத்தில் யாராவது விழுந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உடனே தூக்குங்கள்.

வெளியே வந்ததும் பேசி வைத்த இடத்துக்குப் போய் எல்லாரும் வந்தாச்சா என்று எண்ணிப் பாருங்கள், வீட்டுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். மொத்தக் கூட்டமும் சென்ட்ரல் சுரங்கப்பாதைக்குத்தான் போகும், அவசரம் இல்லை என்றால் பெரியமேட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள், இல்லை, கால் வலி இல்லாதவர்கள் எழும்பூர் வரை நடந்துவிடலாம், அங்கே ரயில் ஏறும்போது நிற்கவாவது இடம் கிடைக்கும். எதிரணி ஜெர்சி போட்ட யாராவது வழி தெரியாமல் நின்றால் ஸ்டேஷன் வரை கூடவே கூட்டிப்போய் விட்டுவிட்டு வாருங்கள்.